ஒப்புக்குச் சப்பாணி

கல்லா மண்ணா விளையாடத் தெருவில் ஆள் சேரும்போதெல்லாம் அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நானும் போய் நிற்பேன். நாலரை, ஐந்து வயதிருக்கும். என்னை வீட்டில் விட்டு வந்தால் அழுது ஊரைக் கூட்டிவிடுவேன் என்பது அக்காவின் கவலை. சேர்த்துக்கொண்டால் ஆட்டம் கெட்டுப்போகும் என்பது மற்றப் பிள்ளைகளின் கவலை. இந்த வழக்கைத் தீர்க்க அவர்களிடம் ஒரு சட்டம் இருந்தது. “ஏட்டி, அவன் ஒப்புக்குச் சப்பாணி, இருந்துட்டுப் போறான்” என்பாள் அக்கா. அத்தோடு பேச்சு முடிந்துவிடும். பிறகு நான் ஓடலாம், கத்தலாம், திண்ணையிலிருந்து குதிக்கலாம். என்னைத் துரத்தவும் துரத்துவார்கள், முதுகில் தொடவும் தொடுவார்கள். ஆனால் நான் அவுட் கிடையாது. உப்புக்குச் சப்பாணி என்று சொல்கிற ஊர்களும் உண்டு. ஒப்புதான் வாய்மாறி உப்பானது என்பார்கள். இருக்கட்டும், ஒரு கல் உப்பு அளவுக்காவது அந்த ஆட்டத்தில் நான் இருந்தேன்.

இந்த வருடம் ஜூன் மாதம் மகளின் இரண்டாம் வகுப்புக் கால அட்டவணையை டைரியில் ஒட்டி அனுப்பினார்கள். ஐந்து நாள், நாளுக்கு எட்டு பீரியட், ஆக 40 கட்டம். அதில் பி.டி. என்று இரண்டு கட்டம். அந்த நாட்களில் வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பாவாடை, வெள்ளை கேன்வாஸ். மண்ணில் புரளப் போகிற பிள்ளைக்கு வெள்ளை உடுப்பு என்று முதலில் யாருக்குத் தோன்றியதோ தெரியவில்லை. அவர் வீட்டில் துணி துவைத்தவர் வேறு யாராவதாக இருந்திருக்க வேண்டும். நான் படித்த காலத்தில் கேன்வாஸில் கறை பட்டால் சாக்பீஸைத் தேய்த்து மறைப்போம். மகளுக்கு அந்தத் தேவை வரவில்லை. காலையில் போன வெள்ளை சாயங்காலமும் அப்படியே திரும்பி வந்தது.

“இன்னிக்கு பி.டி.ல என்ன பாப்பா வெளையாடுனீங்க?”

“கணக்கு மிஸ் வந்து நோட்டை முடிக்கச் சொன்னாங்கப்பா. முடிச்சவங்கல்லாம் வாய்ல வெரல் வெச்சு ஒக்காந்திருந்தோம்.”

கணக்கு மிஸ்ஸின் மேல் எனக்குக் கோபமில்லை. போர்ஷன் முடியவில்லை என்றால் அவரைக் கேட்பார்கள். மகள் ஒற்றைக்காலில் நொண்டக் கற்றுக்கொண்டாளா என்று யாரையும் யாரும் கேட்கப்போவதில்லை. பெற்றோர் கூட்டத்தில் நானும் கேட்கவில்லை. கையெழுத்து ஏன் கோணலாகப் போகிறது என்று கேட்டுவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அட்டவணையை மறுபடி பார்த்தபோதுதான் உறைத்தது. அந்த இரண்டு கட்டங்களும் அங்கே ஒப்புக்குச் சப்பாணிகள். வரிசையில் இருக்கும், பெயரும் இருக்கும், ஆட்டக் கணக்கில் வராது.

சப்பாணிக்கு இன்னொரு பொருளும் உண்டு. நடக்க முடியாதவனைக் குறித்து நாம் கூச்சமில்லாமல் புழங்கிய சொல் அது. ஆனால் பிள்ளைத்தமிழில் சப்பாணி என்பது கை கொட்டல். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்று பருவம் பருவமாகப் போகும் அந்த வரிசையைப் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது அது ஐந்து மதிப்பெண் கேள்வி. அப்பா ஆன பிறகு, தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் அது உடலின் பாடத்திட்டம் என்று புரிந்தது. செங்கீரை என்றால் ஒரு காலை மடித்து, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது. 5ஆம் மாதம் என்று இலக்கணம் மாதக்கணக்கும் சொல்கிறது. சப்பாணி 9ஆம் மாதம். கண்ணுக்கு முன்னால் இரண்டு கையும் ஒன்றையொன்று தேடிப் போய்ச் சேர்வது லேசான காரியமா? பெரியாழ்வார் இன்னும் நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார். கண்ணன் தளர்நடை நடப்பதற்குத் தனிப் பதிகம், பின்னால் ஓடிவந்து முதுகைக் கட்டிக்கொள்வதற்குத் தனிப் பதிகம். புறம்புல்கல் என்று அதற்குப் பெயர். எத்தனை மொழிகளில் இதற்கென்று ஒரு சொல் இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

கடைசி மூன்று பருவங்களில் ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் பிரிந்து போகிறார்கள். ஆண்பாலுக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை, சிறுதேர். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல். இடிப்பது, கொட்டுவது, உருட்டுவது ஒரு பக்கம். எறிந்து பிடிப்பது, நீந்துவது, ஆடுவது மறுபக்கம். இன்று உடற்கல்விக்காரர்கள் அடிப்படை இயக்கத் திறன்கள் என்று சொல்கிற பட்டியலோடு வைத்துப் பார்த்தால் பெரும்பகுதி ஒத்துப்போகும். எறிந்து பிடிப்பது பெண்பிள்ளையின் பங்காக இருந்திருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு எப்போது அந்த அம்மானைக் காயைப் பிடுங்கி அண்ணன் கையில் கொடுத்தோமோ!

பிள்ளைத்தமிழ் சிறுதேரோடும் ஊசலோடும் நின்றுவிடுகிறது. அடுத்த பருவத்தைப் பாட ஆளில்லை. பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது போலும்.

போன பிள்ளைக்கு அங்கே முதலில் கற்றுத்தருவது உட்காருவது. கையைக் கட்டு, வாயைப் பொத்து, அசையாதே. சரி, நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் அசைந்தால் ஒரு மனுஷி என்னதான் செய்வாள் என்பதும் நியாயம்தான். ஆனால் உடலை வைத்துப் பள்ளிக்கூடம் பேசிய பேச்சு என்னென்ன என்று நினைவிலிருந்து எழுதிப் பார்த்தேன். தோப்புக்கரணம் போடு. முட்டி போடு. பெஞ்சு மேல் ஏறி நில். கையைத் தூக்கிக்கொண்டு வெளியே நில். கிரவுண்டை மூன்று சுற்று ஓடிவா. அத்தனையும் உடற்பயிற்சி, அத்தனையும் தண்டனை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இதையெல்லாம் தடை செய்துவிட்டது. தோப்புக்கரணம் மட்டும் கடல் கடந்து போய் சூப்பர் பிரெயின் யோகா என்று பெயர் மாற்றிக்கொண்டு மரியாதையோடு திரும்பி வந்தது. ஓடுவதும் குந்துவதும் தப்புச் செய்தவனுக்கு உரியவை என்று ஆறு வயதில் மனதில் பதிந்துவிட்டால், முப்பத்தைந்து வயதில் சர்க்கரை வந்தபிறகு டாக்டர் நடக்கச் சொல்லும்போது அதுவும் தண்டனையாகத்தான் காதில் விழும். எனக்கு அப்படித்தான் விழுந்தது.

இடையில் ஒரு நல்ல காலம் வந்தது. 2007-08இல் தமிழக அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் செயல்வழிக் கற்றல் வந்தது. பெஞ்சும் வரிசையும் போய்ப் பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். அட்டையை எடுக்கத் தட்டுக்குப் போகவேண்டும், முடித்ததும் அடுத்த ஏணிப்படிக்குப் போகவேண்டும், எழுதிப் பார்க்கச் சுவரின் அடியில் அவரவர்க்கு ஒரு துண்டுக் கரும்பலகை. அந்த முறையின் படிப்பு நன்மை தீமைகளைப் பற்றி ஆசிரியர்களுக்குள் ஆயிரம் சண்டை உண்டு. அதற்குள் நான் போகவில்லை. வகுப்பு நடக்கும்போதே பிள்ளை எழுந்து நடக்கலாம் என்று ஒரு பாடமுறை அனுமதி கொடுத்தது. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

விளையாட்டுக்காக வாதாட வருகிறவர்கள் எல்லோரும் பலன்களின் மூட்டையோடுதான் வருகிறார்கள். ஓடினால் மூளைக்கு ரத்தம் பாயும், கணக்கு வரும், கவனம் நிற்கும். உலக சுகாதார நிறுவனமும் 5 வயது முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க இயங்கவேண்டும் என்கிறது. இந்த மூட்டையில் என் கண்ணில் நின்றது ஒன்றுதான். சீனாவில் குவாங்சோ நகரத்தின் 12 தொடக்கப்பள்ளிகளை எடுத்துக்கொண்டு, ஆறு பள்ளிகளில் மட்டும் முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது கிட்டப்பார்வை புதிதாக வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 விழுக்காடு, மற்ற ஆறில் 39.5. 2015இல் வெளியான ஆய்வு இது. பிள்ளைக்கு வெயில் பட்டால் கறுத்துப்போகும் என்கிற அம்மாக்களிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம். ஆனால் இப்படி வாதாடுவதில் எனக்கு ஒரு சங்கடம். கணக்கு வருவதற்காக ஓட்டம் என்று சொல்லிவிட்டால், ஓட்டம் மறுபடியும் கணக்கு மிஸ்ஸின் வேலைக்காரிதான். எழுதப் படிக்கத் தெரியவேண்டும் என்பதற்குக் காரணம் கேட்கிறோமா? எறியவும் பிடிக்கவும் தாண்டவும் விழுந்து எழவும் தெரியவேண்டும் என்பதற்கு மட்டும் ஏன் கேட்கிறோம்?

சென்னையில் 1920ஆம் ஆண்டு இரண்டு காரியங்கள் நடந்தன. பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல், சிற்றுண்டி கொடுப்பது என்று தீர்மானமானது. அதே ஆண்டில் ஹாரி குரோ பக் என்கிற அமெரிக்கர் உடற்கல்வி ஆசிரியர்களைப் பழக்குவதற்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு மேலாளராகப் போனவரும் அவரே. அதுவரை பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் பெரும்பாலும் பட்டாளத்து டிரில். டிரில் மாஸ்டர் என்கிற பெயர் அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தலைமுறைக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த விசிலும் ‘அட்டென்ஷன், ஸ்டாண்டட்டீஸ்’ குரலும் என் காதில் இன்னும் இருக்கின்றன.

ஒரே ஊரில் ஒரே வருடத்தில் போட்ட இரண்டு விதைகள். சோறு எப்படி வளர்ந்தது என்று நமக்குத் தெரியும். 1956இல் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கினார். 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு வந்தது. பிறகு முட்டை. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவு தொடங்கி, அடுத்த ஆண்டே அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போனது. பிள்ளையின் வயிறு அரசின் பொறுப்பு என்பதில் இங்கே எந்தக் கட்சிக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. முட்டையைப் பற்றிச் சட்டமன்றத்தில் சண்டை போடுகிற ஊர் இது, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்த இன்னொரு விதை உயர்நிலைப்பள்ளி வாசலோடு நின்றுவிட்டது. பி.இ.டி. வாத்தியார் அங்கேதான் இருப்பார். தொடக்கப்பள்ளிக்கு வரமாட்டார். வயிற்றை நிரப்பிய கையோடு காலை மறந்துவிட்டோம். எட்டயபுரத்துக்காரரான பாரதி பாப்பாவுக்குப் பாட்டு எழுதியபோது முதலில் சொன்னது ‘ஓடி விளையாடு’ என்றுதான், படி என்று அல்ல. அந்தப் பாட்டைச் சுவரில் எழுதி முண்டாசோடு படமும் வரைந்துவைத்திருக்கும் பள்ளிகளில், அந்தச் சுவரோரமாகவே பிள்ளைகளை வரிசையாக, ஓடாமல், கூட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன்.

சட்டமும் இதில் ஒத்துழைக்கவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 1 முதல் 5 வகுப்பு வரை 60 பிள்ளைகள் இருந்தால் இரண்டு ஆசிரியர்கள். விளையாட்டுத் திடல் வேண்டும், விளையாட்டுப் பொருள் வேண்டும் என்று அதே அட்டவணை சொல்கிறது. சொல்லித்தர ஆள் வேண்டும் என்று சொல்வது 6ஆம் வகுப்புக்கு மேல்தான், அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், அதுவும் பகுதிநேரமாக. தமிழகத்தில் 2012இல் 16,000க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்ச் சம்பளத்தில் எடுத்தார்கள். உடற்கல்வி, ஓவியம், தையல் எல்லாம் அதில் அடக்கம். அவர்கள் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்த கதை தனி. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்த ஆளும் இல்லை. ஒரு மொழியின் எழுத்தைக் கற்க வேண்டிய வயதில் வாத்தியார் இல்லாமல் விட்டுவிட்டு, இலக்கணம் படிக்கிற வயதில் வாத்தியாரைப் போடுகிற மாதிரி.

என் நண்பர் ஒருவர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர். ஈராசிரியர் பள்ளி, மொத்தம் 37 பிள்ளைகள். ஒருவர் எமிஸ் என்கிற கல்வித்துறை இணையதளத்தில் ஏதாவது ஏற்றிக்கொண்டிருந்தால் மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்க்கவேண்டும். போன தை மாதம் ஒரு முழுநாள் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். தலைமையாசிரியர் அறையில் பச்சைப் பீரோ. அதற்குள் வாலிபால், கால்பந்து, ஸ்கிப்பிங் கயிறு, வளையம், கேரம் போர்டு. சமக்ர சிக்ஷா திட்டத்தில் தொடக்கப்பள்ளிக்கு விளையாட்டுப் பொருளுக்காக ஆண்டுக்கு 5,000 ரூபாய் உண்டு. அதில் வாங்கியவை.

“ஏன் பூட்டி வெச்சிருக்கீங்க?”

“ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஏத்தியாச்சே. தேஞ்சு போனா ஆடிட்ல எதைக் காட்ட?” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “அதுக்கில்ல. இத்தினியூண்டுப் புள்ளைகிட்ட அந்த வாலிபாலைக் கொடுத்தா மூக்குதான் ஒடையும்” என்றார்.

அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். நாற்பது நிமிட பீரியட், நாற்பது பிள்ளை, ஒரு பந்து. எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் ஒரு பிள்ளையின் கையில் பந்து இருப்பது ஒரு நிமிடம். மிச்சம் முப்பத்தொன்பது நிமிடமும் அது கற்பது வரிசையில் நிற்க. அதுவும் ஒழுங்காக நடக்காது. கையில் வலுவுள்ள நாலு பையன்கள் பத்து நிமிடம் வீதம் எடுத்துக்கொள்வார்கள். அதனால் அவர் ஒரு காரியம் செய்திருந்தார். வீட்டுக்கு ஒரு கந்தல் துணி கொண்டுவரச் சொல்லி, சத்துணவு அமைப்பாளர் அம்மாவும் ஆயாவும் உட்கார்ந்து ஆளுக்கொரு துணிப்பந்து தைத்துவிட்டார்கள். 37 பந்து. உள்ளே பழைய சேலைக் கிழிசல், மேலே டெய்லர் கடை வெட்டுத்துணி. எந்தப் பதிவேட்டிலும் கிடையாது, அதனால் பூட்டவும் வேண்டாம். தொலைந்தால் அந்தப் பிள்ளையே வீட்டில் அம்மாவிடம் கேட்டு இன்னொன்று தைத்து வருகிறது.

துணிப்பந்துக்கு இன்னொரு குணம். முகத்தில் பட்டால் வலிக்காது. மூன்று நான்கு வயதில் பந்தைப் போட்டால் பிள்ளை இரண்டு கையையும் முன்னால் நீட்டி, மார்போடு அணைத்துப் பிடிக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கையால் மட்டும் பிடிக்க ஏழெட்டு வயதாகும். நடுவில் ஒருமுறை டென்னிஸ் பந்து மூக்கில் பட்டுவிட்டால், முகத்தைத் திருப்புகிற பழக்கம் ஆயுசுக்கும் போகாது. கல்யாண வீட்டில் சாவிக்கொத்தைத் தூக்கிப் போட்டால் பயந்து விலகி, கீழே விழுந்ததைப் பொறுக்குகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். நான் அந்தக் கட்சி.

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எறிந்துகொண்டிருந்தாள். வலது கையால் எறிகிறாள், வலது காலையே முன்னால் வைக்கிறாள். பந்து மூன்றடி தள்ளி விழுகிறது. நம் ஊரில் இதற்கு ஒரு விளக்கம் தயாராக இருக்கும், பொம்பளப் புள்ளை எறியுத எறி என்று. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. சாக்பீஸை எடுத்துத் தரையில் இரண்டு பாதம் வரைந்தார். இடது பாதம் முன்னால், வலது பாதம் பின்னால். “இந்தக் காலை இதுல வெச்சுட்டு எறி பாப்பா.” உடம்பு தானாகத் திரும்பியது, தோள் பின்னால் போய் வந்தது, பந்து வேப்பமரத்தைத் தாண்டி விழுந்தது. அவள் பந்தைப் பார்க்கவில்லை, தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

ண, ன, ந மூன்றையும் பிரித்துக் காட்ட மாதக்கணக்கில் மெனக்கெடுகிறோம். எழுத்து தானாக வராது என்று நமக்குத் தெரியும். எறிவது மட்டும் ரத்தத்தில் வரும் என்று எப்படி நம்பினோம்?

சாயங்காலம் எல்லோரையும் வட்டம் போடச் சொன்னார். கையைப் பிடித்துக்கொண்டு வட்டம். எனக்கு அது சாதாரணமாகத்தான் தெரிந்தது. அவர் என் காதருகே வந்து, “வட்டம் எங்க அறுந்திருக்குன்னு பாருங்க” என்றார். பையனுக்கும் பெண்ணுக்கும் நடுவே ஓரிடத்தில் அறுந்திருந்தது, அது வெட்கம், எங்கும் உள்ளது. இன்னோரிடத்தில் இரண்டு பையன்கள். ஒருவன் கையை நீட்டிக்கொண்டிருந்தான். மற்றவன் அவன் கையைப் பிடிக்காமல் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தான். இரண்டாம் வகுப்பு. எந்தத் தெருவிலிருந்து யார் வருகிறார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

என் கல்லா மண்ணாவைப் பற்றி இத்தனை ஆசையாக எழுதினேனே, அது எங்கள் தெரு. அடுத்த தெருப் பிள்ளைகள் யாரும் அதில் இருந்ததில்லை என்பது நாற்பது வருடம் கழித்து இப்போதுதான் உறைக்கிறது. பழைய தெரு விளையாட்டுகள் போய்விட்டனவே என்று புலம்பிக் கட்டுரை எழுதுகிறவர்கள், நானும்தான், எந்தத் தெரு என்பதைச் சொல்வதில்லை. பள்ளிக்கூட மைதானம் ஒன்றுதான் எல்லாத் தெருவுக்கும் பொது. அங்கேதான் தொடுவது பாடத்தின் பகுதி. தமிழை, கணக்கை, அறிவியலை ஒருவரையொருவர் தொடாமல் படித்துவிடலாம். சடுகுடுவில் முடியாது.

நண்பர் அந்தப் பையனைக் கண்டிக்கவில்லை. விளையாட்டை மாற்றினார். “கோழியும் பருந்தும் வெளையாடலாமா?” என்றார். ஒருவர் தாய்க்கோழி, பின்னால் குஞ்சுகள் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்து நீளமாக, எதிரே பருந்து. பிடி விட்டவனைப் பருந்து தூக்கிவிடும். அவரே பருந்தாக மாறிக் கையை விரித்துக்கொண்டு பாய்ந்தார். கூச்சலும் புழுதியும். மூன்றாவது பாய்ச்சலில் அந்தப் பையன் முன்னால் இருந்தவனின் இடுப்பை இரண்டு கையாலும் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான், முகத்தையும் அவன் முதுகில் புதைத்துக்கொண்டு. புறம்புல்கல். நாளைக்குக் காலையில் அவன் மறுபடி சட்டை நுனியைத்தான் பிடிப்பானோ என்னவோ. ஒரு பாய்ச்சலில் ஊர் மாறிவிட்டது என்று எழுத எனக்குத் துணிச்சலில்லை.

தனியார் பள்ளி விளையாட்டு விழாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தவளை ஓட்டம், சாக்கு ஓட்டம், கரண்டியில் எலுமிச்சம்பழம். முதல் மூவருக்கு எவர்சில்வர் டம்ளரோ டிபன் பாக்ஸோ. மற்ற பேருக்கெல்லாம் தனக்கு ஓட வராது என்கிற அறிவு. இசை நாற்காலி இன்னும் மோசம். முதலில் யார் வெளியே போகிறார்கள்? உடம்பு மெதுவாகத் திரும்புகிற பிள்ளை. அதற்குத்தான் அந்த ஆட்டத்தில் அதிக நேரம் பழக்கம் தேவை, அதைத்தான் முதலில் உட்காரவைக்கிறோம். நன்றாக ஓடுகிற பிள்ளை கடைசிவரை ஓடி இன்னும் நன்றாக ஓடக் கற்கிறது. காலில் குறையுள்ள பிள்ளை இருந்தால் அதற்கென்று ஒரு பதவி உண்டு, மற்றவர்களின் செருப்புக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் காவல். கல்லா மண்ணாவில் இப்படி இல்லை. பிடிபட்டவன் வெளியே போவதில்லை, பிடிக்கிறவன் ஆகிறான். ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறான்.

வெளியே யாரும் போகாமல் பார்த்துக்கொள்ளும் அந்தச் சட்டத்தின் நுட்பமான கிளைவிதிதான் ஒப்புக்குச் சப்பாணி. எந்தப் பயிற்சிக் கல்லூரிக்கும் போகாத பத்து வயதுப் பெண்பிள்ளைகள் இயற்றியது. சின்னவனை விரட்டவும் கூடாது, பெரியவர்களின் ஆட்டத்தை அவனுக்காகத் தணிக்கவும் கூடாது. மைதானத்தில் இருக்கட்டும், ஓடி ஓடிப் பழகட்டும், தோற்றுப்போகிற பயம் மட்டும் வேண்டாம். அட்டவணையில் இருக்கும் பி.டி. பீரியடை ஒப்புக்குச் சப்பாணி என்று கேலி செய்தேன். உண்மையில் சொல்லை அவமதித்துவிட்டேன். என்னை அவர்கள் நிஜமாகவே ஓடவிட்டார்கள்.

ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருடம், ஆனி முடிந்து ஆடிக்காற்று அடித்துக்கொண்டிருந்தது. வழக்கம்போல நானும் ஓடிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அக்கா பின்னாலிருந்து முதுகில் தொட்டாள். நான் நிற்கவில்லை. எனக்குத்தான் அவுட் கிடையாதே.

“லேய், நில்லு. நீ அவுட்டு.”

“ஏட்டி, அவன் சப்பாணில்லா” என்றாள் என் அக்கா திண்ணையில் நின்றுகொண்டு.

“இன்னும் என்ன சப்பாணி! அவன் ஓடுத ஓட்டத்தப் பாத்தியா? எனக்கு மூச்சு வாங்குது.”

அக்கா என்னைப் பார்த்தாள். அழுவேன் என்று நினைத்திருப்பாள். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. மெதுவாக நடந்துபோய்த் தெருவின் நடுவில், எதிர்வீட்டு அக்கா நின்றிருந்த இடத்தில் நின்றேன். திண்ணையிலும் படியிலும் ஆட்டுக்கல்லின் மேலும் தயாராக நின்றுகொண்டு எல்லோரும் என்னைப் பார்த்துக் கேட்டார்கள், “கல்லா, மண்ணா?”